ஒரே கருப்பொருளில் கோக்கப்பட்ட ஜாஸ் ஆல்பத்தைக் கேட்பது எப்படி

ஜாஸ் பாடகர்கள் பெரும்பாலும் தாங்கள் எழுதாத பாடல்களையே பாடுகிறார்கள். நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்காகவும் ஹாலிவுட் படங்களுக்காகவும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் எழுதி, நாளடைவில் எல்லாப் பாடகர்களுக்கும் பொதுவாகிவிட்ட அந்தப் பாடல்களை ஸ்டாண்டர்டுகள் என்று சொல்வது வழக்கம். ஒரே பாடலை ஏற்கெனவே பலர் பாடியிருக்கும்போது, அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளப் பாடகருக்கு இருக்கும் முதல் கருவி அவருடைய குரல். இரண்டாவது கருவி, எந்தப் பாடல்களை எடுத்து, எந்த எண்ணத்தின் கீழ் சேர்த்து, எதற்குப் பின்னால் எதை வைக்கிறார் என்பது. குரலை எல்லோரும் கவனிக்கிறோம். இந்த இரண்டாவதைக் கவனிக்கச் சிறிது பழக்கம் தேவைப்படுகிறது. என் கருத்தில், கருப்பொருள் ஆல்பம் ஒன்றின் பொருள் பாடல்களுக்குள் இருப்பதைவிட அவற்றுக்கு இடையிலேயே அதிகம் இருக்கிறது. அதைக் கேட்டெடுக்கும் வழியையே இங்கே விவரிக்கிறேன்.

முதல் வேலை, சரியான பதிப்பைத் தேடி எடுப்பது. பழைய ஆல்பங்கள் குறுந்தட்டாக மறுபதிப்பானபோதும், பின்னர் இணையத்தில் ஏற்றப்பட்டபோதும், ஒலிப்பதிவுக் கூடத்தில் மிஞ்சிய மாற்றுப் பதிவுகள் கடைசியில் கூடுதல் பாடல்களாகச் சேர்க்கப்பட்டன. ஆய்வாளருக்கு அவை பயனுள்ளவை. முழு ஆல்பமாகக் கேட்பவருக்கோ அவை முடிவைக் கெடுத்துவிடும். நாற்பது நிமிடம் கட்டியெழுப்பப்பட்ட ஓர் அமைதி முடிந்த மறுநொடியே, சற்று முன் கேட்ட பாடல் வேறு விதமாகத் திரும்பவும் தொடங்கிவிடும். ஆகவே ஆல்பம் முதலில் வெளியானபோது எத்தனை பாடல்கள், எந்த வரிசையில் இருந்தன, இசைத்தட்டின் முதல் பக்கம் எந்தப் பாடலோடு முடிந்தது என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியையும், ஆல்பம் முடிந்ததும் வேறொன்று தானாக ஓடத் தொடங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

பதிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாடகி பில்லி ஹாலிடே 1958இல் வெளியிட்ட ‘லேடி இன் சாட்டின்’ நல்ல சான்று. அதன் மோனோ இசைத்தட்டில் 12 பாடல்கள் இருந்தன; ஸ்டீரியோ இசைத்தட்டில் 11 மட்டுமே. ஸ்டீரியோவில் இடம்பெறாதது, காதல் ஒன்றின் முடிவைப் பாடும் ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’. அதற்கு முந்தைய பாடலான ‘ஐ’ல் பி அரவுண்ட்’, விட்டுப் போனவர் என்றாவது திரும்பினால் நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லும் பாடல். எனவே ஒரு பதிப்பை வாங்கியவருக்கு அந்த ஆல்பம் காத்திருப்பில் முடிந்தது. இன்னொன்றை வாங்கியவருக்குக் காதலே முடிந்துபோனதில் முடிந்தது. ஒரே பாடகி, அதே பதிவுகள். ஒரு பாடல் கூடவோ குறையவோ செய்ததில் ஆல்பம் சொல்லும் செய்தியே மாறிவிட்டது.

இசைத்தட்டின் பக்கங்களைக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய பத்து அங்குல இசைத்தட்டில், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாடல் ஒன்றைத்தான் பதிய முடிந்தது. அந்தக் காலத்திலும் கருப்பொருள் தொகுப்புகளுக்கு முயற்சி நடந்தது; லீ வைலி என்ற பாடகி 1939இலேயே கெர்ஷ்வின் என்ற இசையமைப்பாளரின் பாடல்களை மட்டும் கொண்ட தொகுப்பொன்றைப் பாடினார். ஆனால் ஒவ்வொரு பாடலுக்கும் தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டியிருந்ததால், ஒரு பாடலின் உணர்வு அடுத்த பாடலுக்குள் வழிந்தோட வாய்ப்பில்லை. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி இசைத்தட்டை அறிமுகப்படுத்திய பிறகுதான், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தடையில்லாமல் கேட்க முடிந்தது. அதனால் 1950களின் ஆல்பங்கள் இரண்டு அங்கம் கொண்ட நாடகம்போல் அமைந்திருக்கின்றன. முதல் பக்கத்தின் கடைசிப் பாடலும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலும் யோசித்து வைக்கப்பட்டவை. நீங்கள் இணையத்தில் கேட்டாலும், அந்த இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு நிமிட இடைவெளி விட்டுத் தொடருங்கள்.

முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறையில் அச்சிட்ட குறிப்புகளையும் விமர்சனங்களையும் பிறகு படித்துக்கொள்ளலாம். ஒரு தாளில் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு வரி மட்டும் எழுதுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார், எந்த நேரத்தில் பேசுகிறார். சொற்கள் பாதி புரியாமல் போனாலும் இந்த இரண்டும் தெரிந்துவிடும், ஏனெனில் எதிரே இருப்பவரிடம் பேசும் குரலும் இல்லாத ஒருவரிடம் பேசும் குரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆல்பம் முடிந்ததும் அந்தத் தாளை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். வரிகள் ஓர் ஒழுங்கில் நகர்ந்தால், நீங்கள் கேட்டது வெறும் தொகுப்பாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, பாடல்களைக் கோத்திருக்கும் இழை எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் கேட்கும் முறை அதைப் பொறுத்தே அமைகிறது. சில ஆல்பங்களில் இழையாக இருப்பவர் பாடலாசிரியர். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956இல் பாடிய கோல் போர்ட்டர் பாடல் தொகுப்பு இந்த வகையில் புகழ்பெற்றது. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் தம்முடைய வெர்வ் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டில் இரட்டை இசைத்தட்டாக, 32 பாடல்களோடு வெளியிட்டார். சொற்களுக்குப் பதிலாகப் பொருளற்ற அசைகளைக் கொண்டு பாடும் ஸ்கேட் முறையில் நிகரற்றவரான எல்லா, இந்தத் தொகுப்பில் மெட்டை அதிகம் கலைக்காமல் சொற்களைத் தெளிவாக வைத்துப் பாடியிருப்பது, வெளிச்சம் தன்மீது விழாமல் பாடலாசிரியர்மீது விழவேண்டும் என்பதற்காகவே என்று நான் நினைக்கிறேன். இத்தகைய தொகுப்பை ஒரே அமர்வில் கேட்டு முடிக்க வேண்டிய கட்டாயமில்லை. பாடல்களை இடம் மாற்றினாலும் பெரிய சேதம் வராது. ஒரே மனிதர் குறும்பாகவும் கசப்பாகவும் மாறி மாறி எழுதியதைக் கவனித்தால் போதும்.

இழை வெளியிலிருந்தும் வரலாம். ஜூலி லண்டன் 1956இல் வெளியிட்ட ‘காலண்டர் கேர்ள்’ ஆல்பத்தில் மாதத்துக்கு ஒரு பாடலாகப் பன்னிரண்டு, அதற்கு மேல் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று. வரிசையை நாள்காட்டியே தீர்மானித்துவிடுவதால், பாடகர் தேர்ந்தெடுத்தது என்று அதில் தேட வேண்டியது அந்தக் கடைசிப் பாடலைத்தான். மேலோட்டமான இழை என்று இதைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. இல்லாத ஒரு மாதத்துக்கு என்ன பாட முடியும் என்ற கேள்வியே அதுவரை கேட்ட பன்னிரண்டுக்கும் ஒரு திசை கொடுக்கிறது.

எனக்கு மிகவும் நெருக்கமானவை, ஒரு மனநிலையையே இழையாகக் கொண்ட ஆல்பங்கள். ஃபிராங்க் சினாட்ரா 1955இல் பாடிய ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ அவற்றுள் முன்னோடி. அவரை ஜாஸ் பாடகர் என்று சொல்லலாமா என்ற விவாதம் உண்டு. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அந்த விவாதம் எனக்கு அவசியமாகப் படவில்லை. தூக்கம் வராத பின்னிரவில் பிரிவை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் 16 பாடல்கள், ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக. இசைக்கோப்பு நெல்சன் ரிடில். தொடக்கத்தில் கேட்கும் சிறு மணிகளின் ஒலி, செலஸ்டா என்ற விசைக் கருவியிலிருந்து வருகிறது. அந்த ஒலி வந்தவுடனேயே நேரம் என்னவென்று தெரிந்துவிடுகிறது. காலப்பிரமாணம் கடைசிவரை விரைவதில்லை. வேறு எந்த ஆல்பத்திலும் சலிப்பைத் தரக்கூடிய இந்தச் சீரான மந்தம் இங்கே ஏன் சலிக்கவில்லை என்று கவனிப்பது மிக நல்ல பயிற்சி. பாடல்கள் நகராமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றினாலும், பாடுபவர் தன் துயரத்தைப் பற்றித் தன்னிடமே சொல்லிக்கொள்ளும் காரணங்கள் பாடலுக்குப் பாடல் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இரண்டாம் முறை கேட்கும்போது வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்டாண்டர்டுகள் 32 அளவுகளில் முடிபவை; ஓர் அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று. எட்டு அளவு கொண்ட மெட்டு இருமுறை வரும், பிறகு வேறு மெட்டில் ஓர் எட்டு வரும், கடைசியில் முதல் மெட்டு திரும்பும். நடுவில் வரும் அந்த மாற்று மெட்டுக்குப் பாலம் என்று பெயர். பாடல் தன் உண்மையை வாய்தவறிச் சொல்லிவிடும் இடம் பல சமயம் அதுதான் என்பதால், பாலத்தில் பாடகர் குரலை உயர்த்துகிறாரா, தணிக்கிறாரா என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. இந்தப் பாடல்கள் பலவற்றுக்குத் தொடக்கத்தில் தாளத்துக்குக் கட்டுப்படாமல் பேச்சுபோல் வரும் ஒரு முன்பகுதி எழுதப்பட்டிருக்கும். நம் தொகையறாவைப் போன்றது அது. நாடகத்தில் கதையிலிருந்து பாட்டுக்குள் நுழைவதற்காக எழுதப்பட்ட அந்தப் பகுதியைப் பாடகர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கருப்பொருள் ஆல்பத்தில் ஒருவர் அதை விடாமல் பாடினால், முந்தைய பாடலுக்கும் இதற்கும் இடையே ஏதோ விளக்க நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அந்த வரிகளைத் தனியாகக் கவனியுங்கள்.

மூன்றாவது படி ஒப்பீடு. இதற்கு மேலே சொன்ன இரண்டு ஆல்பங்களைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. சினாட்ராவின் ஆல்பம் 1955இலும் ஹாலிடேவின் ஆல்பம் 1958இலும் வந்தன. இரண்டிலும் மூன்று பாடல்கள் பொது. அவற்றில் ஒன்றான ‘ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்’ இரண்டு ஆல்பங்களிலும் நான்காவது இடத்தில் இருக்கிறது. ஹோகி கார்மைக்கேலின் அந்தப் பாடலில், நீ இல்லாமல் நான் நன்றாகவே இருக்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். சொல்லி முடிப்பதற்குள் மழை பெய்யும்போது மட்டும் அப்படி இல்லை, உன் பெயரைக் கேட்கும்போது மட்டும் அப்படி இல்லை என்று விதிவிலக்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, முதலில் சொன்ன வாக்கியத்தில் எதுவும் மிஞ்சாமல் போகிறது.

இப்போது இந்தப் பாடலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சினாட்ராவின் வரிசையில் அதற்கு முன் வருவது ‘கிளாட் டு பி அன்ஹேப்பி’. கிடைக்காத காதலில் துயரப்படுவதிலும் ஓர் இன்பம் இருக்கிறது என்று தன்னையே உற்றுப் பார்த்துச் சொல்லும் பாடல் அது. அதைக் கேட்ட காதோடு நான்காம் பாடலுக்குள் நுழையும்போது, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர் தான் பொய் சொல்வதை அறிந்தே சொல்கிறார் என்று தோன்றுகிறது. ஹாலிடேவின் வரிசையில் அதற்கு முன் வருவது ‘யூ டோண்ட் நோ வாட் லவ் இஸ்’. காதல் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, இவ்வளவும் பட்டுத் தேறிய பிறகுதான் தெரியும் என்று எதிரே இருப்பவரிடம் சொல்லும் பாடல். அதற்குப் பின்னால் அதே நான்காம் பாடல், அறிவுரை சொன்னவரே தடுமாறுவதாகக் கேட்கிறது. ‘கிளாட் டு பி அன்ஹேப்பி’ ஹாலிடேவிடமும் இருக்கிறது. ஆனால் பத்தாவதாகத்தான் வருகிறது. சினாட்ரா தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளும் ஒன்றுக்கு ஹாலிடே கிட்டத்தட்ட ஆல்பத்தின் முடிவில்தான் வந்து சேர்கிறார்.

இந்த இணையைக் கேட்கும்போது குரல்களின் வேறுபாட்டை ஒதுக்கிவைக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. சினாட்ரா மூச்சுவிடும் இடம் தெரியாமல் நீண்ட வரியை ஒரே இழுப்பில் பாடக்கூடியவர். உடைந்த மனத்தைப் பாடும்போதும் அவருடைய வாக்கியங்கள் உடைவதில்லை. ஹாலிடே அந்தப் பதிவைச் செய்தபோது அவருடைய குரல் தேய்ந்து கரகரத்திருந்தது; அடுத்த ஆண்டு ஜூலையில், 44 வயதில் அவர் இறந்துவிட்டார். அந்தக் குரலுக்குப் பின்னால் இசைக்கோப்பாளர் ரே எல்லிஸ் மென்மையான வயலின் கூட்டத்தை நிறுத்தினார். பதிவு முடிந்தபோது தமக்கு ஏமாற்றமாக இருந்ததாகவும், உணர்வை விட்டுவிட்டு இசையை மட்டும் கேட்டதே அதற்குக் காரணம் என்றும், சில வாரங்கள் கழித்து இறுதி வடிவத்தைக் கேட்டபோதுதான் ஹாலிடே பாடியதன் உயரம் புரிந்தது என்றும் எல்லிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இசைக்கோப்பாளருக்கே அப்படி நேர்ந்திருப்பதால், முதல் முறை கேட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போனால் சில வாரம் விட்டுத் திரும்பக் கேளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

நான்காவதாக, வரிகளே இல்லாத இடங்களைக் கேட்கப் பழக வேண்டும். கருப்பொருள் என்றவுடன் நாம் சொற்களைத் தேடுகிறோம். தாளமும் கருவியும் அதைச் சுமப்பதை மறந்துவிடுகிறோம். ட்ரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் பெயரில் 1960இல் வெளிவந்து, அபி லிங்கன் பாடிய ‘வீ இன்சிஸ்ட்’ ஆல்பம் இதற்குப் பாடமாகக் கேட்க வேண்டியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டமே அதன் பொருள். அதே ஆண்டு பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் உணவுக் கூடமொன்றில் மாணவர்கள் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டத்தை நினைவூட்டும் படம் அதன் அட்டையில் இருக்கிறது. ஐந்தே பகுதிகள். முதலாவது, அடிமைகளை வேலை வாங்கும் மேற்பார்வையாளனைப் பற்றியது. ஐந்து அடி கொண்ட தாளத்தில், ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் ட்ரம்ஸில் விழும் வெட்டொலி சாட்டையின் ஒலியாகவே காதில் விழுகிறது. காலால் தாளம் போட்டுப் பாருங்கள். நான்கு அடிக்குப் பழகிய உடல் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி கூடுதலாகச் சுமக்க வேண்டியிருப்பதை உணரும்.

இரண்டாம் பகுதியில் விடுதலை வந்துவிட்டதாமே என்ற செய்தி கிசுகிசுப்பாகப் பரவுகிறது. நம்பலாமா கூடாதா என்ற பதற்றம் இசையின் வேகத்தில் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் குரலும் ட்ரம்ஸும் மட்டும்: வேண்டுதல், எதிர்ப்பு, அமைதி என்று மூன்று நிலைகள், ஒரு சொல்கூட இல்லாமல். நடுவிலுள்ள எதிர்ப்பில் அபி லிங்கன் ஒரு நிமிடத்துக்கும் மேலாக அலறுகிறார். அதைத் தனியே எடுத்து ஒலிக்கவிட்டால் கேட்பவர் திகைத்து நிறுத்திவிடுவார். முதல் இரண்டு பகுதிகளையும் அமர்ந்து கேட்டவருக்கோ, அங்கே வேறு எதுவும் வந்திருக்க முடியாது என்று புரியும். நான்காவது ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்புகிறது. ‘டியர்ஸ் ஃபார் ஜோஹன்னஸ்பர்க்’ என்ற ஐந்தாவது, 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் காவல் துறையினர் 69 பேரைச் சுட்டுக் கொன்றதன் துயரத்தைச் சுமந்து, மீண்டும் சொற்களின்றி முடிகிறது. அமெரிக்கத் தோட்டத்தில் தொடங்கிய ஆல்பத்தை ஜோஹன்னஸ்பர்க்கில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பதன் பொருளை எந்த வரியும் விளக்குவதில்லை. வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது.

ஒரு ஆல்பத்தின் இழை உண்மையானதா, விற்பனைக்காக ஒட்டிய பெயரா என்ற ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மூன்றாவது பாடலையும் எட்டாவது பாடலையும் இடம் மாற்றிக் கேளுங்கள். எந்த வேறுபாடும் தெரியவில்லை என்றால், பாடல்கள் ஒரே தலைப்பின் கீழ் வந்தவை, அவ்வளவே. மாற்றியது உறுத்தினால் உள்ளே ஒரு கட்டுமானம் இருக்கிறது. பாடலாசிரியர் தொகுப்புகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்பதை முன்பே சொன்னேன்.

அண்மைக் கால ஆல்பங்களுக்கும் இதே முறை பொருந்துகிறது. பாடகி செசில் மெக்லோரின் சால்வான்ட் 2022இல் வெளியிட்ட ‘கோஸ்ட் சாங்’ ஆல்பத்தில் முதல் பாடலையும் கடைசிப் பாடலையும் மட்டும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு முழுவதையும் கேளுங்கள். தொடக்கத்தில் வருவது கேட் புஷ்ஷின் ‘வதரிங் ஹைட்ஸ்’. இறந்துபோன பெண்ணின் ஆவி சன்னலருகே நின்று தன்னை உள்ளே விடச் சொல்கிறது. கடைசியில் வருவது ‘தி அன்குவைட் கிரேவ்’ என்ற பழைய நாட்டுப்புறப் பாடல். அதில் உயிரோடிருப்பவர் கல்லறையை விட்டு நகராமல் அழுதுகொண்டிருக்க, இறந்தவர் தன் அமைதி குலைவதாகச் சொல்கிறார். முதல் பாடலில் வாழ்பவரை விட முடியாதவர் இறந்தவர்; கடைசிப் பாடலில் இறந்தவரை விட முடியாதவர் வாழ்பவர். இடையிலுள்ள பாடல்கள் ஒவ்வொன்றிலும் யார் யாரை விட மறுக்கிறார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டே போனால், ஆல்பத்தின் பெயர் எதைச் சுட்டுகிறது என்பது தெளிவாகும்.

அவருடைய அடுத்த ஆல்பமான ‘மெலுசின்’ 2023இல் வந்தது. முன்கூட்டியே எதையும் படிக்க வேண்டாம் என்று சொன்ன விதியை அதற்கு மட்டும் தளர்த்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் தன்னைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மணம் புரிந்துகொண்டு, கணவன் அதை மீறி எட்டிப் பார்த்தபோது பாதி உடல் பாம்பாகக் காட்சியளித்த பெண்ணைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதை அது. பாடல்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும், சில தெற்கு பிரான்சின் ஆக்சிடான், ஆங்கிலம், ஹெயிட்டியின் கிரியோல் ஆகிய மொழிகளிலும் உள்ளன. 12ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் பழம்பாடல்களோடு பாடகியின் சொந்தப் பாடல்களும் கலந்திருக்கின்றன. சொற்கள் புரியாத நிலையில் கதையாவது தெரிந்திருந்தால்தான் எந்தப் பாடலில் நிபந்தனை விதிக்கப்படுகிறது, எதில் கதவின் துளை வழியே பார்வை நுழைகிறது என்று ஊகிக்க முடியும். கதையைப் படித்துவிட்டு முதல் முறை கேளுங்கள். பாடல்களின் மொழிபெயர்ப்பை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொண்டு, உங்கள் ஊகம் எங்கெங்கே பொருந்தியது என்று சரிபாருங்கள்.